தாமரை மகாலில் ராணிகள் வாழ்ந்தார்களா? ஹம்பி அந்தப்புரம் பற்றி ஒரு கேள்வி

கேள்வி, பிப்ரவரி 4

ஹம்பி போய்விட்டு நேற்றுதான் திரும்பினோம். தாமரை மகால் முன்னால் எடுத்த படங்களைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டு, "கிருஷ்ணதேவராயரின் ராணிகள் வாழ்ந்த அரண்மனை" என்று எழுதினேன். என் மாமா, "இத்தனூண்டு கட்டடத்திலா ராணிகள் குடித்தனம் நடத்தினார்கள்? சமையலறை எங்கே, படுக்கை அறை எங்கே?" என்று கேட்டுவிட்டார். என்னிடம் பதில் இல்லை. உண்மையில் அங்கே யார்தான் இருந்தார்கள்?

பிப்ரவரி 4, இரவு

மாமா சரியாகத்தான் கேட்டிருக்கிறார். தாமரை மகால் குடியிருக்கக் கட்டிய வீடு இல்லை. கீழ்த்தளம் நாலு பக்கமும் திறந்து கிடக்கிறது. 24 தூண்கள், தூணுக்குத் தூண் வளைவு, அவ்வளவுதான். மேல்தளத்தில் மட்டும் ஜன்னல் மாடங்கள் உண்டு. நாலு பேர் உட்கார்ந்து பேசவும், காற்று வாங்கவும், வெளியே நடப்பதைப் பார்க்கவும் ஏற்ற மண்டபம் அது.

ராணியின் அரண்மனை என்று தொல்லியல் துறை பலகை வைத்திருக்கும் இடம் அதே மதிலுக்குள் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் புல்வெளி நடுவில் மூன்று அடுக்காகப் பெரிய கருங்கல் மேடை ஒன்று வரும், ஞாபகம் இருக்கிறதா? மேலே ஒன்றுமே இருக்காது. அதுதான். எல்லாரும் அதைத் தாண்டி நேராகத் தாமரை மகாலுக்குப் போய்விடுகிறார்கள். உங்கள் படங்களில் ஏதாவது ஒன்றின் ஓரத்தில் அந்த மேடை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிப்ரவரி 5

மேலே ஏன் ஒன்றும் இல்லை என்று தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். விஜயநகரத்து அரண்மனைகளில் அடித்தளம் மட்டும்தான் கருங்கல். அதற்கு மேல் தூண், உத்தரம், கூரை எல்லாம் மரம். சுவர் செங்கல்லோ கல்லும் மண்ணுமோ, அதன் மேல் சுண்ணாம்புக் காரை. கோவில் என்றால் தூண், சுவர், கூரை எல்லாம் கல்லில் எழுப்பினார்கள், அதனால் விட்டலர் கோவில் இன்றும் நிற்கிறது. ராஜா படுத்துறங்கிய இடமும் ராணி சமைக்கச் சொன்ன இடமும் மரத்தோடு போய்விட்டன.

நான் போனபோது உச்சி வெயில். கூட வந்தவர்கள் மரநிழல் தேடி ஒதுங்கிவிட்டார்கள். நான் அந்த மேடையைச் சுற்றி மெதுவாக நடந்து பார்த்தேன். நம் ஊர்க் கோவில் அதிட்டானத்தில் (அடிபீடத்தில்) பார்ப்போமே பட்டையும் வளைவும் கண்டமும், அதே வரிசை இங்கேயும் ஓடுகிறது. கல் தச்சன் கோவிலுக்கு ஒரு கை, வீட்டுக்கு ஒரு கை என்று வைத்துக்கொள்ளவில்லை. ஏறிப்போகப் படிகள் இருக்கின்றன. படி ஏறினால் நேராகப் பெரிய கூடம் வராது. ஒரு தளம், இன்னும் கொஞ்சம் உயரத்தில் இன்னொரு தளம் என்று போகும். ஹம்பியில் தோண்டி எடுத்த அரண்மனை மேடைகள் எல்லாவற்றிலும் இந்த ஏற்பாட்டைப் பார்க்கலாம். வெளியாள் எதுவரை வரலாம் என்பதை அந்த உயரமே சொல்லிவிடும்.

பிப்ரவரி 6

இனி கொஞ்சம் சிக்கலான பகுதி. தாமரை மகால் ராணிகளுக்கானது என்பதற்கே உறுதியான சான்று கிடையாது. அந்த இடத்தில் கல்வெட்டு எதுவும் அப்படிச் சொல்லவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் வரைந்த வரைபடத்தில் அதே கட்டடத்துக்கு ஆலோசனை மண்டபம் என்று பெயர் போட்டிருக்கிறது. ராஜா தன் தளபதிகளோடும் அமைச்சர்களோடும் உட்கார்ந்த இடம் என்று அப்போது உள்ளூரில் சொல்லியிருக்கிறார்கள்.

1980-க்குப் பிறகு பல ஆண்டுகள் அங்கே அளவெடுத்த ஆய்வாளர்கள் ஜார்ஜ் மிச்செலும் ஜான் ஃபிரிட்ஸும் இந்த மதிலுக்குள் இருக்கும் பகுதிக்கு வழங்கும் 'அந்தப்புர வளாகம்' என்ற பெயரையே சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். ராஜாவோ படைத்தலைவரோ இருந்த இடமாகவும் இருக்கலாம் என்பது அவர்கள் பக்கம். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். கிழக்கு மதிலைத் தாண்டினால் யானைக் கொட்டில். வரிசையாக 11 அறைகள், மேலே குவிமாடங்கள். முன்னால் பெரிய மைதானம். படை அணிவகுக்க வாகான இடம். பெண்களை மறைத்து வைக்க நினைத்தவர்கள் யானையும் பாகனும் சிப்பாயும் புழங்கும் இடத்தை ஒட்டியா கட்டுவார்கள்?

பிப்ரவரி 6, இரவு

கோவை அக்கா கோபமாக எழுதியிருக்கிறார்: "அப்போ அந்தப்புரம் என்பதே வெள்ளைக்காரன் கட்டிய கதையா?" இல்லை அக்கா. கட்டடத்தின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டுதான் சந்தேகம். பெண்களுக்கென்று தனி அரண்மனை இருந்ததை நேரில் வந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் கல்லை விட அந்த எழுத்துதான் அதிகம் பேசுகிறது. நாளை உட்கார்ந்து எழுதுகிறேன், இப்போது கண் சொருகுகிறது.

பிப்ரவரி 8

டோமிங்கோ பயஸ் போர்ச்சுக்கீசியர். 1520-ஐ ஒட்டி, கிருஷ்ணதேவராயர் காலத்தில் வந்தவர். குதிரை வியாபாரத்துக்காகப் போர்ச்சுக்கீசியர்களுக்கும் விஜயநகரத்துக்கும் நல்ல உறவு இருந்த நேரம். அவர் வந்த குழுவுக்கு அரண்மனையைச் சுற்றிக் காட்ட ராஜா சம்மதித்தார். பெண்கள் வசிக்கும் பகுதிக்குள் யாரும் போக முடியாது. பெண்கள் புழங்கும் சில அறைகளையும் கூடங்களையும் மட்டும் காட்டினார்கள்.

வாசலில் நிறுத்தி எத்தனை பேர் என்று எண்ணி, ஒவ்வொருவராக உள்ளே விட்டிருக்கிறார்கள். உள்ளே மழமழவென்று பூசிய தரை, சுற்றிலும் வெள்ளைச் சுவர். இதைப் படித்தபோது அந்தக் காலக் காரைப்பூச்சு என் கண் முன்னே வந்தது. பயஸ் தங்கத்தையும் ரத்தினத்தையும் பார்த்து வாயைப் பிளந்தவர்தான். அவரே சுவரின் வெள்ளையைத் தனியாகச் சொல்கிறார் என்றால் அது அப்படிப் பளபளத்திருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு தந்த அறை. சுவர் மேலிருந்து கீழ் வரை தந்தம், உத்தரத்தைத் தாங்கும் தூண்களின் தலையில் ரோஜாவும் தாமரையும், அவையும் தந்தம். இப்படி ஒன்றை வேறெங்கும் காண்பது அரிது என்கிறார்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதே பக்கத்தில் அவர் பார்த்த ஓவியங்கள். அந்த நகரத்துக்கு வந்துபோன பல தேசத்து மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று வரைந்து வைத்திருக்கிறார்கள், போர்ச்சுக்கீசியர் உட்பட. ராஜாவின் மனைவிகள் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காக. பார்வையற்றவர்கள், பிச்சைக்காரர்கள் கூட அதில் உண்டாம். வெளியே போகாத பெண்களுக்கு வெளி உலகத்தைச் சுவரில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இதைக் கருணை என்று எடுத்துக்கொள்வதா, சிறைக்குள் செய்து கொடுத்த வசதி என்று எடுத்துக்கொள்வதா? எனக்கு இரண்டும் சேர்ந்தே தோன்றுகிறது. அந்தச் சுவரில் ஒரு துண்டு கிடைத்திருந்தால் கூடப் போதும் என்று ஏங்கியிருக்கிறேன்.

பிப்ரவரி 8, கொஞ்சம் கழித்து

நாட்டியக் கூடத்தை விட்டுவிட்டேன். நீளமான, அதிக அகலம் இல்லாத கூடம். பெண்கள் அங்கேதான் ஆடக் கற்றுக்கொண்டார்கள். தூண்களுக்கு இடையில் ஆடும் பெண்களின் உருவங்கள். ஒவ்வொரு ஆட்டமும் எந்த நிலையில் முடிய வேண்டுமோ அந்த நிலையில் செதுக்கி வைத்திருந்தார்களாம். மறந்துபோனால் அந்தப் பலகையைப் பார்த்து நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். கூடத்தின் ஒரு கோடியில் கையால் பிடித்துக்கொண்டு உடம்பையும் காலையும் நீட்டி வளைக்க ஓர் இடம். நடனப் பள்ளிகளில் சுவரோடு கம்பி போட்டிருப்பார்களே, அதே வேலைக்கு.

பரதம் கற்றவர்கள் இந்த இழையில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: முடிவு நிலையை மட்டும் செதுக்கி வைத்தால் பாடம் நடத்தப் போதுமா?

பிப்ரவரி 9

12,000 பெண்கள் என்று படித்தேனே, நிஜமா என்று கேட்டவருக்கு: பயஸ் எழுதியதுதான். ஆனால் "சொல்கிறார்கள்" என்று சேர்த்துத்தான் எழுதுகிறார், அவர் எண்ணிப் பார்க்கவில்லை. பதினைந்து வருடம் கழித்து, கிருஷ்ணதேவராயருக்கு அடுத்து ஆண்ட அச்சுதராயர் காலத்தில் எழுதிய இன்னொரு போர்ச்சுக்கீசியர் பெர்னாவோ நூனிஸ் 4,000-க்கு மேல் என்கிறார். இரண்டையும் கூட்டி வகுத்து ஒரு எண் கண்டுபிடிக்க வேண்டாம். இருவரும் அரண்மனைக்கு உள்ளே வேலை பார்த்த பெண்கள் எல்லாரையும் சேர்த்தே சொல்கிறார்கள், மனைவிகளை மட்டும் அல்ல. பயஸ் கணக்கில் ராஜாவின் மனைவிகள் 12 பேர், அவர்களில் முதன்மையானவர்கள் மூவர். அந்த மூவருக்கும் எல்லாமே சரிசமம், மனக்கசப்பு வரக் கூடாது என்பதற்காக. ஒவ்வொருவரும் தனித்தனியாக இருந்தார்கள். அப்படியானால் 'ராணியின் அரண்மனை' என்று ஒரே ஒரு மேடையை மட்டும் காட்டினால் கணக்கு உதைக்கிறது.

பிப்ரவரி 11

நான் இந்த இழையில் எழுத வந்ததற்கு முக்கியக் காரணமே இதுதான். இருபது வருடமாகக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான். மண்டிக் கணக்கு, பேரேடு, மாதக் கடைசியில் இருப்பை ஒத்துப் பார்ப்பது, இதுதான் என் வேலை. நூனிஸ் எழுதியதில் ஒரு பத்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அரண்மனைக்குள் மல்யுத்தம் செய்யும் பெண்கள் இருந்தார்கள், சோதிடம் பார்ப்பவர்கள் இருந்தார்கள், பாடுகிறவர்கள் இருந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போகிறார். அதோடு சேர்த்து: வாசலுக்கு உள்ளே ஆகும் செலவு முழுவதையும் எழுதி வைக்கப் பெண்கள் இருந்தார்கள். நாட்டு நடப்பை எழுதும் பெண்களும் இருந்தார்கள். தங்கள் ஏடுகளை வெளியே இருக்கும் எழுத்தர்களின் ஏடுகளோடு ஒத்துப் பார்ப்பது அவர்கள் பொறுப்பு.

இதன் அர்த்தம் கணக்கு எழுதுகிறவர்களுக்கு உடனே புரியும். ஒரே செலவுக்கு இரண்டு ஏடு. ஒருவரை ஒருவர் பார்க்காத இரண்டு கை எழுதுகிறது. பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். வெளியே உள்ள கணக்கப்பிள்ளை நெல்லில் கை வைத்தாலும், உள்ளே உள்ளவர்கள் எண்ணெயில் கை வைத்தாலும் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். அவ்வளவு பெரிய ராஜ்ஜியத்தின் வரவு செலவைச் சரிபார்க்கிற கை ஒரு பெண்ணின் கை. காவல், நியாயம் பார்ப்பது என்று மற்ற உத்தியோகங்களிலும் பெண்கள் இருந்ததாக நூனிஸ் சொல்கிறார். அந்தப்புரம் என்றதும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பூ வைத்துக்கொள்ளும் பெண்ணைத்தான் நமக்கு வரைந்து காட்டியிருக்கிறார்கள். அந்த மேடையில் ஏதோ ஒரு மூலையில் எழுத்தாணியோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளைத் தெரிய வேண்டும்.

படித்த பெண்கள் எங்கே இருந்து வருவார்கள் என்று கேட்டவருக்கு: விஜயநகர இளவரசர் குமார கம்பணரின் மனைவி கங்காதேவி, கணவர் மதுரை சுல்தானை வென்றதைச் சமஸ்கிருதக் காவியமாக எழுதியவர். 14-ஆம் நூற்றாண்டு. அச்சுதராயர் அவையில் திருமலாம்பா இன்னொரு கவி. எழுத்து அந்த அரண்மனைக்குப் புதிது இல்லை.

பிப்ரவரி 12

ஒரு மறுயோசனை. நான் 6-ஆம் தேதி வைத்த யானைக் கொட்டில் காரணத்தை இந்தக் கணக்குப் பெண்களோடு சேர்த்துப் பார்க்கிறேன். வாளும் கேடயமும் பிடிக்கும் பெண்கள் உள்ளே இருந்தார்கள் என்று பயஸே எழுதுகிறார். இப்படி வேலையும் காவலும் நிர்வாகமும் கொண்ட ஒரு பெண்கள் உலகம், படை மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அதில் முரண் என்ன? மறைத்து வைப்பது மட்டும்தான் நோக்கம் என்று நினைத்தால்தான் யானை இடிக்கிறது. மதிலையும் மறந்துவிடக் கூடாது. ஆளுயரத்துக்கு மேல், மேலே போகப் போகச் சரிந்து ஒடுங்கும் மதில், சுண்ணாம்பு இல்லாமல் கல்லோடு கல்லை இறுக்கிக் கோத்தது. காவல் கோபுரங்கள் மூன்று இன்னும் நிற்கின்றன. உள்ளே யாரோ முக்கியமானவர்கள் இருந்தார்கள் என்பது வரை உறுதி. மிச்செல் தரப்பை நான் தள்ளவில்லை, ஆனால் யானையை மட்டும் வைத்துப் பெண்களை வெளியேற்ற முடியாது.

பிப்ரவரி 14

வளைவு முஸ்லிம் பாணி, அதனால் சுல்தான்கள் பிற்காலத்தில் கட்டியது என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லை. தாமரை மகாலைக் கொஞ்சம் நிதானமாகக் கீழிருந்து மேலே பாருங்கள். வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்றாக, இதழ் இதழாக உள்வாங்கிப் போகும், அது விஜயநகரத்துக்கு வடக்கே சுல்தான்கள் ஆண்ட பாமினி நாட்டுக் கை. வளைவைச் சுற்றிச் சுதையில் யாளி முகம், பறவைகள், கொடிகள். அதற்கு மேல் தடித்த, இரட்டை வளைவாக இறங்கும் இறவாணம், அதாவது வெளியே நீண்ட கூரை விளிம்பு. உச்சியில் ஒன்பது கூம்புக் கோபுரங்கள், நடுவில் உள்ளது உயரம், படிப்படியாகக் கோவில் விமானம் போல. தரை அமைப்பும் நம் விமானத்தைப் போலவே பக்கத்துக்குப் பக்கம் மடிந்து மடிந்து வெளியே வருகிறது. இரண்டு கையும் ஒரே சாரத்தில் நின்று வேலை செய்த கட்டடம்.

15-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தை ஆண்ட இரண்டாம் தேவராயர் படையில் முஸ்லிம் வில்லாளிகள் இருந்தார்கள். அவரிடம் வேலை பார்த்த அகமது கான் 1439-இல் கட்டிய பள்ளிவாசல் ஹம்பியிலேயே இருக்கிறது. யானைக் கொட்டில், ராணி குளியல் எல்லாம் அரசவைக்கென்று உருவான இந்தக் கலப்புப் பாணிதான். உடையிலும் அப்படியே. திருப்பதி கோவிலுக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் கிருஷ்ணதேவராயர், திருமலாதேவி, சின்னாதேவி மூவரும் உலோகச் சிலையாகக் கைகூப்பி நிற்பார்கள். ராஜா தலையில் நீளமான குல்லாய் இருக்கும். வரிசையில் தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு நொடி திரும்பிப் பாருங்கள். ராணிகளை நேரில் பார்க்க நமக்கு இருக்கும் ஒரே வழி அது.

பிப்ரவரி 15

சுவருக்குள் குழாய் வைத்துத் தண்ணீர் ஓடவிட்டு ஏசி மாதிரி குளிர வைத்தார்கள் என்று வழிகாட்டி எங்களிடமும் சொன்னார். கட்டடம் உள்ளே குளுமையாகத்தான் இருந்தது. தடித்த தூண், நாலு பக்கக் காற்று, வெயிலைத் தடுக்கும் ஆழமான இறவாணம், மேலே சுண்ணாம்பும் செங்கல்லுமாகக் கனத்த கூரை. இவ்வளவும் இருக்கும் கட்டடம் குளிர்வதற்குக் குழாய் வேண்டியதில்லை.

பிப்ரவரி 17

ராணி குளியல் பற்றிச் சுருக்கமாக. அது இந்த மதிலுக்குள் இல்லை, தள்ளி, அரச வளாகத்தின் தென்கிழக்கே இருக்கிறது. வெளியே முரட்டுச் சுவர், உள்ளே 15 மீட்டர் சதுரத் தொட்டி, சுற்றிலும் தாழ்வாரம், தண்ணீர் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மாடங்கள். கட்டடத்தைச் சுற்றி அகழி வேறு. ராணிகள் தினமும் இவ்வளவு தூரம் குளிக்க வந்தார்கள் என்பதை விட, ராஜாவும் கூட வந்தவர்களும் பொழுதுபோக்கிய இடம் என்பதுதான் பொருந்துகிறது.

பிப்ரவரி 20

"1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு ஒரே நாளில் எல்லாம் சாம்பல்" என்று எழுதியிருந்த நண்பருக்கு ஒரு திருத்தம். போரில் வென்ற சுல்தான்களின் படை சூறையாடியது உண்மை, அரச குடும்பம் பெனுகொண்டாவுக்குப் போனதும் உண்மை. ஆனால் 1567-இல் வந்த சீசர் பெடரிச்சி என்ற வெனிஸ் வணிகர் அங்கே ஏழு மாதம் தங்கியிருக்கிறார். வீடுகள் நிற்கின்றன, ஆள் இல்லை, புலியும் மற்ற விலங்குகளும் இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று எழுதுகிறார். பல ராஜாக்களின் அரண்மனையைப் பார்த்தவர், இதற்கு இணை பார்த்ததில்லை என்றும், ஒன்பது வாசல் கடந்து உள்ளே போக வேண்டும் என்றும் சொல்கிறார். ஆக, தீ தொட்டதும் உண்டு, தொடாமல் நின்றதும் உண்டு. ஆள் இல்லாத மர வீட்டுக்குத் தீயே தேவையில்லை. ஓடு பெயர்ந்து, மழை இறங்கி, கறையான் ஏறினால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கல்லும் மரமும் எடுத்துப் போயிருப்பார்கள்.

பிப்ரவரி 23

மதுரைக்காரர் ஒருவர், திருமலை நாயக்கர் மகால் இந்தப் பாணியின் தொடர்ச்சியா என்று கேட்டிருக்கிறார். ஆமாம். நாயக்கர்கள் விஜயநகரத்தின் பிரதிநிதிகளாக வந்தவர்கள்தானே. 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்த மகாலில் இதழ் வளைவும் சுதை வேலையும் இருக்கின்றன, அளவு மட்டும் பல மடங்கு. தாமரை மகாலில் தூண் நம் தோளுக்கு நெருக்கமாக இருக்கும், மதுரையில் தூணைப் பார்க்கக் கழுத்து வலிக்கும்.

ஆனால் ஹம்பிக்கு அடுத்தபடி என்று பார்த்தால் நான் முதலில் சந்திரகிரிக்குத்தான் போகச் சொல்வேன். திருப்பதியிலிருந்து பக்கம்தான். பெனுகொண்டாவுக்குப் பிறகு, விஜயநகரத்தின் கடைசி வம்சமான ஆரவீடு ராஜாக்கள் இருந்த ஊர். அங்கே ராஜ மகால், ராணி மகால் இரண்டும் கூரையோடு நிற்கின்றன. ராணி மகால் சின்னது, அதற்கும் அந்தப் பெயர் பிற்காலத்தில் ஒட்டியதுதானா என்று அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே சுற்றலாம். தாமரை மகாலில் மாடிக்கு விடமாட்டார்கள், கீழிருந்து அண்ணாந்து பார்ப்பதோடு சரி. ராஜ மகாலில் அருங்காட்சியகம் வைத்திருப்பதால் உள்ளே போய்ச் சுவரின் கனத்தையும் வளைவு கூரையோடு சேரும் இடத்தையும் கிட்டத்தில் பார்க்க முடியும். மரமே இல்லாமல் கல், செங்கல், சுண்ணாம்பு மட்டும் வைத்துக் கட்டியது அது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்று கேள்வி, கிளம்பும் முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். சிலைகளைப் பார்க்கத் திருமலை ஏறும் நாளிலேயே இதையும் முடித்துவிடலாம்.